பனிமூக்கரும் பாட்டன் கோடாலியும்

(ஏற்காட்டுல வாசகர் வட்டக் கூட்டத்துல பேசுனது. வராதவங்க கேட்டதால பேசுன மாதிரியே டைப் பண்ணிருக்கேன்.)

மேடையில வீற்றிருக்கிற தலைவர் ஐயா அவர்களே, வாடகை வாங்காம ஹாலைத் திறந்து விட்ட எஸ்டேட் ஐயா அவர்களே, சேலத்துல இருந்து கொண்டை ஊசி வளைவு அத்தனையும் பஸ்ல ஏறி வந்து இன்னும் தலையைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கிற தமிழாசிரியை அம்மா அவர்களே, ஸ்வெட்டர் போட்ட பெரியோர்களே, போடாம நடுங்கிட்டு இருக்கிற சேலத்துக்காரங்களே, எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்துன பொன்னாடைக்கும் நன்றி. போன வருஷம் தலைவர் ஐயாவுக்கு நான் போர்த்துன அதே பொன்னாடைதான், ஓரத்துல அந்தக் காபிக் கறை அப்படியே இருக்கு, பரவால்ல, சுத்தி சுத்தி நமக்குள்ளயே இருக்கட்டும்.

இன்னைக்குக் குடுத்த தலைப்பு, வேற்று கிரகத்துக்காரங்க ரகசியமா வந்துதான் ஆதி மனுஷனுக்கு நாகரிகம் கத்துக் குடுத்தாங்களா. இதை நாலு பாகமா பேசப் போறேன். ஒண்ணு பாபிலோன், ரெண்டு எகிப்து, மூணு நம்ம மலை, நாலாவது கஞ்சமலைச் சித்தர்கள்.

பாபிலோன்ல பெரோசஸ்னு ஒரு பூசாரி, கிமு மூணாம் நூற்றாண்டுக்காரர். ஓவான்னஸ்னு பாதி மீனு பாதி மனுஷனா ஒரு ஜீவன் பகல்ல கடலை விட்டு வெளிய வந்து எழுத்து, சட்டம், வெள்ளாமை, ஊர் கட்டுறது எல்லாம் சொல்லிக் குடுத்துட்டு ராத்திரி ஆனா கடலுக்குள்ள போயிரும்னு எழுதி வச்சிருக்கார். அவரு புராணம் எழுதினார், அதுல தப்பில்ல, நம்மகிட்ட இல்லாத புராணமா. அந்த மீனை இந்தக் காலத்துல விண்கலத்துல ஏத்தி விட்டாங்க பாருங்க, அவங்களோடதான் எனக்குச் சண்டை.

நான் மைக்கைப் பிடிச்சா ஒரு பழமொழி வரும்னு உங்களுக்குத் தெரியும். யார் குத்தினாலும் அரிசியானா சரி. அந்தப் பழமொழியை எனக்குப் பிடிக்காதுங்கிறதும் தெரியும். குத்துன கைக்குப் பேரு வேணுங்க!

ஒரு கதை சொல்றேன். கோடை லீவுல இங்க பசங்களுக்கு ஒரு கேம்ப் நடந்துச்சு, என்னைக் கதை சொல்லக் கூப்பிட்டாங்க. வெளிய ஒரே பனிமூட்டம், எதிர்ல இருக்கிற மரம் கூடத் தெரியல. சும்மா அடிச்சு விட்டேன். ‘கண்ணுகளா, ரொம்ப காலத்துக்கு முன்னாடி பனிமூக்கர்னு ஒரு கூட்டம் வேற கிரகத்துல இருந்து வந்து சேர்வராயன் மலையில எறங்குச்சு, ரெண்டடி உசரம், மூக்கு முழங்கால் வரைக்கும், அந்த மூக்கால பனியை மட்டும்தான் குடிப்பாங்க, வெயில் வந்தா கரைஞ்சிருவாங்க, அதனால யார் கண்ணுலயும் படல, ராத்திரி தூங்குறவங்க காதுல வந்து கல்லை இப்படித் தீட்டு, இரும்பை இப்படி உருக்குன்னு ஓதிட்டுப் போயிருவாங்க’ அப்படின்னு. ஒரு வாண்டு எந்திரிச்சு, அவங்களுக்குச் சளி பிடிச்சா என்ன சார் பண்ணுவாங்கன்னு கேட்டான். கேம்ப் முடிஞ்சுது, நானும் மறந்துட்டேன்.

யாரோ ஒரு புண்ணியவான் அதை வாய்ஸ் மெசேஜா அனுப்பிருக்கார். அம்மாப்பேட்டையில இருக்கிற எங்க மாமா போன் பண்றார், ‘மாப்ள, உங்க ஏற்காட்டுல பனிமூக்கர் இருந்தாங்களாமே’. மாமா அது நான் விட்ட கதைன்னேன். ‘அட போ மாப்ள, உனக்கென்ன தெரியும், நாசாவே சொல்லிருச்சு’ன்னு வச்சுட்டார். அப்புறம் சீலநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம், பந்தியில உக்காந்திருக்கேன், பக்கத்து இலைக்காரர், நல்ல படிச்ச மனுஷன், வெள்ளைச் சட்டை, என்கிட்டயே பனிமூக்கர் கதையைச் சொல்ல ஆரம்பிச்சுட்டார். மூக்கு இப்போ தரையில இழுபடுது! கூடவே காந்த சக்தி வேற சேர்ந்துருச்சு. நான் கம்முனு கேட்டுக்கிட்டே இருந்தேன், பாயசம் வந்துச்சு. அப்போ அவர் சொன்னார், ‘நீங்களே சொல்லுங்க, அந்தக் காலத்து மலைக்காரனுக்குக் கல்லை இவ்வளவு வழவழன்னு தீட்டத் தெரியுமா, எவனோ சொல்லித்தானே குடுத்திருக்கணும், எவனா இருந்தா என்ன, யார் குத்தினாலும் அரிசியானா சரி’ன்னு. என் பழமொழியை என் இலையிலயே பரிமாறிட்டார். பாயசம் எறங்கல.

இந்தக் கதை எல்லாம் கடைசியில எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க. நம்ம பாட்டனுக்குத் தெரியாது, அவ்ளோதான். வெள்ளைக்காரன் கட்டுன மாதா கோயிலைப் பார்த்து ஏலியன் வந்து கட்டுச்சுன்னு எவனாவது சொல்றானா? பிரமிடுன்னா, பெரிய கோயில்னா உடனே சொல்லிருவான். தஞ்சாவூர்ல ராசராசப் பெருந்தச்சன்னு கல்லுலயே பேரு வெட்டியிருக்கு, படிக்கத்தான் ஆளில்ல.

எகிப்து. 2013ல செங்கடல் ஓரமா வாதி அல் ஜர்ஃப்ங்கிற இடத்துல பாப்பிரஸ், அதாவது அந்தக் காலத்து நாணல் தாள், கிடைச்சுது. மெரெர்னு ஒரு மேஸ்திரி, தன் ஆளுங்களோட துராங்கிற இடத்துல இருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகுல ஏத்தி பெரிய பிரமிடு கட்டுற கீசாவுக்குக் கொண்டு போனதை நாள் கணக்கா எழுதி வச்ச டைரி. குஃபு ராஜா காலத்துது, நாலாயிரத்து ஐநூறு வருஷம் ஆச்சு. லோடு கணக்கு எழுதுற ஏலியன் உண்டா?

இப்போ நம்ம மலை. ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு வெள்ளைக்கார நிலவியல் அறிஞர், 1863ல பல்லாவரத்துல கற்காலக் கருவியைக் கண்டெடுத்த மனுஷன், கடைசிக் காலத்துல இதே ஏற்காட்டுலதான் குடியிருந்தார். இந்த மலையில தீட்டுன கல் கோடாலி நிறைய கிடைச்சுது. இரும்புக் கோடாலி புழக்கத்துக்கு வர்றதுக்கு முந்தின ஆளுங்க செஞ்சது. உள்ளங்கையில அடங்கும், ஒரு முனை கூரா, ஒரு முனை அகலமா, தடவிப் பார்த்தா சோப்பு மாதிரி வழுக்கும். முதல்ல கல்லால தட்டிச் சில்லு சில்லா எடுத்து, அப்புறம் கொத்தி மேடு பள்ளத்தைச் சரி பண்ணி, கடைசியில பாறை மேல மணலும் தண்ணியும் விட்டு தேய் தேய்னு தேய்ச்சு வாய் எடுத்திருக்காங்க. தோள்பட்டை கழண்டிரும். காதுல எவன் ஓதினாலும் தேய்ச்சது அந்தக் கைதானே?

நம்ம மலை ஜனங்க அந்தக் கல்லைக் காட்டுல பார்த்தா தூக்கி எறியல, பிள்ளையார் கோயில்ல கொண்டு போய் வச்சுக் கும்பிட்டாங்க. 1918ல வந்த சேலம் கெசட்டியர்லயே, அதான் சர்க்கார் போட்ட மாவட்ட விவரப் புத்தகத்துலயே இருக்கு. ஃபூட் சேர்த்ததை 1904ல மெட்ராஸ் மியூசியம் வாங்கிருச்சு, அதனால சேர்வராயன் மலைக் கல்லைப் பார்க்க எழும்பூர் போகணும். இங்க டூரிஸ்ட் வந்தா ஏரியில போட்டிங், லேடீஸ் சீட்ல செல்ஃபி, பகோடா பாயிண்ட்ல மிளகா பஜ்ஜி. கல்லுக்கு ஒரு ரூம் கேக்குறோம், ஒரே ஒரு ரூம். கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. போன தடவை ஒரு ஆபீஸ்ல, கோயில்ல இருக்கிற கல்லுக்கு எதுக்குங்க ரூமு, யார் செஞ்சா என்னங்கறாங்க. பாருங்க, அங்கயும் அதே அரிசிதான்!

கோயில்ல இருக்கிற கல்லை யாரும் எடுக்க வேண்டாம், பூஜை பாட்டுக்கு நடக்கட்டும். ஊர் ஊரா போய் ஊர்ப் பெரியவங்களைக் கேட்டு போட்டோ எடுத்து, எந்த ஊரு, எந்தக் கோயிலுன்னு எழுதி அந்த ரூம்ல மாட்டணும். எழும்பூர்ல இருக்கிறதுல கொஞ்சத்தையாவது இங்க கொண்டு வந்து வைக்கச் சொல்லிக் கேக்கணும். மனு வாசல்ல மேசை மேல இருக்கு.

தலைவர் ஐயா வாட்சைப் பார்க்கிறார், சித்தர்களை அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம். கையெழுத்துப் போடுறவங்க ஊர்ப் பேரைத் தெளிவா எழுதுங்க, போன தடவை பாதிப் பேர் கிறுக்கிட்டுப் போயிட்டீங்க, பேனாவையும் காணோம்.