சிப்பாய்களுக்கு ஒரு வானொலி அறிவிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

1936 பிப்ரவரி 29, காலை நேரம். ஜப்பான் தலைநகர் டோக்கியோ முழுக்கப் பனி. வானொலியில் ஓர் அறிவிப்பாளர் சிப்பாய்களைப் பார்த்துப் பேசுகிறார்: இப்போதும் காலம் கடந்துவிடவில்லை, முகாமுக்குத் திரும்புங்கள் என்று. விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரங்களும் விழுகின்றன. நீங்கள் துரோகிகளாகிவிடுவீர்களே என்று உங்கள் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் அழுகிறார்கள் என்கிறது அதில் ஒரு வரி.

அந்தச் சிப்பாய்கள் சுமார் 1,500 பேர். பலர் படையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மூன்று நாள் முன்பு, விடியுமுன் எழுப்பி, கலகம் செய்ய அழைத்துப் போனார்கள் இளம் அதிகாரிகள். நிதி அமைச்சர் தகஹாஷி கொரெகியோவை அவர் படுக்கையிலேயே கொன்றார்கள். அவருக்கு வயது 81. ராணுவச் செலவுக்குக் கடிவாளம் போட்டதுதான் அவர் செய்த குற்றம். பிரதமர் ஒகாதாவைத் தேடிப் போனவர்கள், ஆள் தெரியாமல் அவருடைய மைத்துனரைச் சுட்டார்கள்.

அந்த அதிகாரிகளைக் கொலைவெறியர்கள் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. வடகிழக்குக் கிராமங்களில் விளைச்சல் பொய்த்து, பெண் பிள்ளைகளை விற்கும் நிலைமை. அந்த வீட்டுப் பையன்கள்தான் படையில் இருந்தார்கள். அந்தத் துயரம் நிஜம். ஆனால் பேரரசரைச் சுற்றியிருக்கும் கெட்டவர்களைத் தீர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை விஷம்.

அந்த விஷம் பழகிப்போனது எப்படி? 1932 மே 15 அன்று பிரதமர் இனுகாய் சுயோஷியைக் கடற்படை அதிகாரிகள் அவர் வீட்டிலேயே சுட்டார்கள். "பேசினால் புரியும்" என்றாராம் அவர். விசாரணை நடந்தபோது, சுட்டவர்களுக்குக் கருணை காட்டச் சொல்லி மனுக்கள் குவிந்தன. நோக்கம் தூய்மையானது என்றார்கள். ஒருவருக்கும் மரண தண்டனை இல்லை. எனக்கு அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைவிட இந்த மனுக்கள்தான் அதிகம் பயம் தருகின்றன.

1936 கலகத்தைப் பேரரசர் ஏற்கவில்லை. நான்கே நாளில் அடங்கியது. கலகக்காரர்களுக்குக் குருவாக இருந்த கிதா இக்கி உட்பட 19 பேருக்கு மரண தண்டனை. அப்புறம் என்ன ஆயிற்று என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கலகம் தோற்றது, ராணுவம் ஜெயித்தது. பணியில் இருக்கும் தளபதிகளே ராணுவ அமைச்சராகலாம் என்ற பழைய விதியை அதே ஆண்டு திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆள் தர மாட்டோம் என்று ராணுவம் சொன்னால் போதும், அமைச்சரவையே கிடையாது. 1937 ஜனவரியில் உகாகி கசுஷிகேயை ஆட்சி அமைக்கச் சொன்னார் பேரரசர். அவர் ஓய்வுபெற்ற தளபதி. ஆனாலும் ராணுவம் ஆள் தரவில்லை. கைவிரித்துவிட்டார். இத்தாலியின் முசோலினி போல ஊர்வலம் நடத்திப் பிடித்த அதிகாரம் இல்லை இது. அலுவலகக் கோப்பு வழியாக வந்தது.

1940 பிப்ரவரியில் சைட்டோ தகாவோ என்ற உறுப்பினர், சீனப் போர் எதற்காக, எப்போது முடியும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார். புனிதப் போர் என்ற பேச்சுக்குப் பின்னால் மக்களின் தியாகத்தை மறைக்கிறீர்கள் என்றார். அந்தப் பேச்சின் பெரும்பகுதியை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார்கள். அடுத்த மாதம் அவரையே நீக்கினார்கள். எதிர்த்து வாக்களித்தவர்கள் 7 பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் கட்சிகள் எல்லாம் தாங்களாகவே கலைந்துவிட்டன.

1942 தேர்தலில் அரசின் பரிந்துரைப் பட்டியலில் சைட்டோ பெயர் இல்லை. போர் உச்சத்தில் இருந்த நேரம். ஹியோகோ மாவட்டத்தில் அவர் தொகுதி மக்கள் அவருக்குத்தான் அதிக வாக்குகள் போட்டு, திரும்ப டோக்கியோவுக்கு அனுப்பினார்கள்.

நன்றி, வணக்கம்.