பெண் பனங்கன்னு 150 ரூபாயா?

வணக்கம் மக்களே. வெண்ணாத்துக் கரையிலேந்து பேசுறேன். பனை விதைன்னாலே நான் ஆரம்பிச்சிடுவேன்னு உங்களுக்குத் தெரியும். இன்னைக்குக் கோவத்தோடதான் ஆரம்பிக்கிறேன். சந்தையில பாக்கெட்டுல பனங்கன்னு, ஒண்ணு 150 ரூபாயாம்! கேட்டா, "பெண் கன்னு சார், காய்க்கும், கேரண்டி"ங்கிறாங்க.

பனையில ஆணா பெண்ணான்னு பாளை விட்டாத்தான் தெரியும். அதுக்குப் பன்னெண்டு, பதினஞ்சு வருஷம் ஆவும். கன்னைப் பாத்துச் சொல்ல வழியே இல்ல. 150 ரூபாய் இருந்தா ரெண்டு பேரு டீ, வடை சாப்ட்டு நாள் முழுக்க விதை போடலாம். ஆவணி, புரட்டாசியில மரத்தடியில பழம் சும்மாதானே கொட்டிக் கிடக்கு!

பாக்கெட்டே எனக்குப் பிடிக்காது. பனை மொதல்ல மேல வராது, கீழ எறங்கும். பை அடி முட்டுனதும் முளை வளையும், கிழிச்சு நடுறப்ப ஒடியும். அதோட முடிஞ்சுது.

பழத்தைப் பிச்சு கொட்டையைத் தனியா எடுங்க, ஒரு பழத்துல மூணு வரைக்கும் இருக்கும். கையில வச்சா கனக்கணும், லேசா இருந்தா வேணாம். ஒரு அடி ஆழம், பத்தடிக்கு ஒண்ணு, மேல மண்ணு. ஐப்பசி மழை மிச்சத்தைப் பாத்துக்கும்.

ஆங், ஒண்ண விட்டுட்டேன். கொட்டையில முளை வர்ற கண்ணு இருக்குற பக்கம் கீழ பாக்கணும். முழுப் பழமாவும் பொதைக்காதீங்க, பன்னி கிளறிடும்.

அப்பறம் பொறுமை. குருத்து வெளியில வர மாசக்கணக்காவும். முளைக்கலையேன்னு நோண்டிப் பாக்காதீங்க. தையில பொங்கலுக்குப் பனங்கெழங்கு தோண்ட வர்றவங்ககிட்டயும் சொல்லி வைங்க. அந்தக் கெழங்குதான் கன்னுக்குச் சோறு, அதைப் புடுங்குனா மரம் கெடையாது.

எங்க போடுறதுங்கிறதுதான் பெரிய விஷயம். ஆத்துப் பக்கச் சரிவுல போடவே போடாதீங்க. வழக்கமா ஜூன் 12 மேட்டூர் அணை தொறக்குறதுக்கு முன்னாடி தூர்வார ஜேசிபி வரும், வாரிட்டுப் போயிடும். கரையோட வயல் பக்கம் போடுங்க. அங்கயும் தூர்வாருன மண்ணைக் கொட்டுவாங்க, அதனால விதைக்குப் பக்கத்துல ஆளு ஒசரத்துக்கு மூங்கிக் குச்சி ஒண்ணு, நுனியில செவப்புத் துணி. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் தென்னை அத்தனையும் சாஞ்சு கெடக்க, பனை நின்னுச்சே, அந்த மாதிரி நிக்கிற மரத்துக்கு மொதல் ரெண்டு வருஷம் இந்தக் குச்சிதான் காவல்.