'இன் அட்டெண்டன்ஸ்': வந்தவர் யார், எதற்கு வந்தார்?

[திரையில்: போர்டு மீட்டிங் மினிட்ஸ், முதல் பக்கம்]

குரல்: மதுரை மாசி வீதியில் ஜவுளி வியாபாரம் பார்க்கும் அண்ணன் ஒருவர், தன் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் நடந்ததைப் பதிவு செய்யும் குறிப்பின், டிராஃப்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். மேலே ஒரு தலைப்பு: 'டைரக்டர்ஸ் இன் தி அட்டெண்டன்ஸ்'.

அந்த 'தி' வேண்டாம். 'இன் அட்டெண்டன்ஸ்', அவ்வளவுதான். நமக்கு அட்டெண்டன்ஸ் என்றாலே ரெஜிஸ்டரும் காலேஜில் கேட்கும் 75 சதவீதமும்தான் ஞாபகம் வரும். இங்கே அதற்கு 'வந்திருந்தார்' என்று பொருள்.

[திரையில்: வைகைக் கரை, சித்ரா பௌர்ணமிக் கூட்டம்]

குரல்: அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கரையில் நிற்கிறோமே, நாமெல்லாம் 'இன் அட்டெண்டன்ஸ் அட் தி ஃபெஸ்டிவல்'. அழகரைத் தோளில் சுமந்து வருகிற சீர்பாதந்தாங்கிகளுக்கு 'அட்' போதாது. அவர்கள் 'இன் அட்டெண்டன்ஸ் ஆன்' அழகர். 'அட்' போட்டால் அந்த இடத்தில் இருக்கிறோம். 'ஆன்' போட்டால் ஒருவருக்குப் பணிவிடை செய்துகொண்டு கூடவே இருக்கிறோம். ராஜாவின் அட்டெண்டர் முதல் ஆபீஸ் அட்டெண்டர் வரை இந்தப் பணிவிடைப் பொருள்தான்.

[திரையில்: மறுபடியும் மினிட்ஸ்]

குரல்: சரி, அண்ணன் விஷயத்துக்கு வருவோம். 'தி'யை எடுத்தாலும் அந்தத் தலைப்பு தப்புதான். கம்பெனியின் சட்ட நடைமுறைகளைக் கவனிக்கும் கம்பெனி செகரட்டரிகளின் தேசிய அமைப்பான ஐ.சி.எஸ்.ஐ. வெளியிட்ட, போர்டு மீட்டிங்குகளுக்கான எஸ்.எஸ்.1 விதிமுறை 2015 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி டைரக்டர்கள் 'பிரசன்ட்'. கம்பெனி செகரட்டரிதான் 'இன் அட்டெண்டன்ஸ்'. அழைத்ததால் வந்து உட்கார்ந்த ஆடிட்டர் போன்றவர்களையும் வழக்கமாக அந்தத் தலைப்பிலேயே எழுதுவார்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 'கோரம்', அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, அதற்கு டைரக்டர்களின் தலையை மட்டும்தான் எண்ணுவார்கள்: மொத்த டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 2 பேர், எது அதிகமோ அது. ஓட்டும் அவர்களுக்குத்தான்.

அப்புறம் இன்னொன்று. 'கூட்டத்துக்குப் போனேன்' என்பதில் உள்ள 'க்கு' நம் கையை விடாது. 'அட்டெண்டட் டு தி மீட்டிங்' என்று எழுத வைத்துவிடும். 'அட்டெண்ட் டு' என்றால் கவனிப்பது: நர்ஸ் நோயாளியைக் கவனிப்பது மாதிரி. போய்வந்த கூட்டத்துக்கு 'அட்டெண்டட் தி மீட்டிங்' போதும். லீவ் லெட்டரில் 'ஐ வாஸ் இன் அட்டெண்டன்ஸ்' என்றெல்லாம் எழுதினால், என்னைக் கேட்டால், கல்யாண வீட்டுக்குக் கோட்டு மாட்டிப் போன மாதிரி இருக்கும்.

[திரையில்: திருத்திய பக்கம்]

குரல்: 'பிரசன்ட்' கீழே 3 டைரக்டர்கள். 'இன் அட்டெண்டன்ஸ்' கீழே ஆடிட்டர். டீ கொண்டுவந்த தம்பியின் பெயரையும் அண்ணன் டைரக்டர்களோடு சேர்த்திருந்தார். எடுத்துவிட்டோம்.