பாகிஸ்தான் வறுமைக்கு அந்த நாட்டு முதலாளிங்க பொறுப்பா?

கேள்வி: சார், பாகிஸ்தானைப் பத்திப் பேசும்போது "22 குடும்பங்கள்"னு சொன்னீங்க. நாட்டுல பணக்காரங்க இருக்கிறதாலயே ஏழைங்க உருவாகிடுவாங்களா? அவங்கதானே மில்லு கட்டி வேலை கொடுக்கிறாங்க? வறுமைக்கு அவங்களைப் பொறுப்பாக்கறது நியாயமா?

விளக்கம்: நியாயம்தாங்க. ஆனா பணக்காரங்களா இருந்ததுக்காக அவங்களைப் பொறுப்பாக்கல. அந்தப் பணம் யார் பங்குல இருந்து வந்துச்சு, வந்த பிறகு அதை வச்சு அரசாங்கத்தை எந்தப் பக்கம் இழுத்தாங்க, இதைத்தான் கேக்கணும்.

அந்த 22 குடும்பக் கணக்கு எதிர்க்கட்சி மேடையில பிறந்தது இல்ல. சொன்னவர் மஹ்பூப் உல் ஹக். அப்போ அவர் பாகிஸ்தான் திட்டக் கமிஷனோட தலைமைப் பொருளாதார நிபுணர். 1968 ஏப்ரல்ல, கராச்சியில, தொழில் சொத்துல 66 சதவீதம், இன்சூரன்ஸ்ல 70, பேங்க்ல 80 சதவீதம் வெறும் 22 குடும்பங்க கையில இருக்குன்னு சொன்னார். பாகிஸ்தான் அதிபர் அயூப் கானோட அரசாங்கம் "வளர்ச்சியின் பத்தாண்டு"ன்னு விழா எடுத்துக்கிட்டு இருந்த வருஷம் அது. வளர்ச்சி நிஜமாவே இருந்துச்சு. அந்த வளர்ச்சித் திட்டங்களைப் போட்டதுல மஹ்பூப் உல் ஹக்குக்கும் பங்கு உண்டு. அப்படி இருந்தும் வெளிப்படையா சொன்னார் பாருங்க, அந்த மனுஷன் மேல எனக்குப் பெரிய மரியாதை. பின்னால 1990-ல மனித மேம்பாட்டுக் குறியீடு (வருமானத்தோட படிப்பு, ஆயுளையும் சேர்த்து நாடுகளை அளக்கிறது) வந்ததுக்கு முக்கியக் காரணமும் அவர்தான்.

சரி, அந்தப் பணம் எப்படி வந்துச்சு? 1947-ல நாடு பிரிஞ்சப்போ சணல் விளையறது கிழக்கு வங்காளத்துல (பின்னால கிழக்குப் பாகிஸ்தான், இன்னைக்கு பங்களாதேஷ்), சணல் மில்லு எல்லாம் கல்கத்தா பக்கம், இந்தியாவுல. பாகிஸ்தானுக்குன்னு பெரிசா தொழிலே கிடையாது. குஜராத், பம்பாய், கல்கத்தாவுல இருந்து கராச்சிக்குப் போன மேமன், கோஜா மாதிரி வியாபாரக் குடும்பங்ககிட்ட கையில காசு இருந்துச்சு. கொரியப் போர் சமயத்துல சணல், பருத்தி விலை ஏறினதுல அது இன்னும் பெருகுச்சு. போர் வேகம் தணிஞ்சு விலை விழுந்ததும், 1952-ல அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடிச்சது. அதுக்கப்புறம் லைசென்ஸ் வச்சிருக்கிறவன்தான் வெளிநாட்டுச் சாமான் கொண்டுவர முடியும்.

இந்த இடத்தை மட்டும் நிதானமா கேளுங்க. 1949-ல பிரிட்டனும் இந்தியாவும் நாணய மதிப்பைக் குறைச்சப்போ பாகிஸ்தான் குறைக்கல. 1955-ல ஒரு தடவை குறைச்சாங்க, அப்புறமும் ரூபாயை அதோட நிஜ மதிப்புக்கு மேலேயேதான் பிடிச்சு வச்சிருந்தாங்க. இதுல சணல் விவசாயிக்கு என்ன ஆச்சு? அவன் சரக்கு வெளிநாட்டுக்குப் போய் டாலரும் பவுனும் கொண்டுவருது, ஆனா ஒரு டாலருக்குக் கிடைக்கிற ரூபாய் குறைவா இருந்ததால அவன் கைக்கு வர்றது கம்மி. அதே டாலரை, லைசென்ஸ் வாங்கின முதலாளி சல்லிசா வாங்கி மெஷின் இறக்குறார். வெளிநாட்டுத் துணி உள்ள வராதபடி தடுப்பு வேற இருக்கு. அதனால அவர் வச்சதுதான் விலை. சணலை விக்கும்போதும் விவசாயிக்கு இழப்பு, துணி வாங்கும்போதும் அவனுக்கே இழப்பு. மில்லு கட்டின மூலதனத்துல பெரும் பங்கு அவன்கிட்ட இருந்து போனதுதாங்க. அவன் விரும்பிக் கொடுக்கல, அவனை யாரும் கேக்கவும் இல்ல.

பேங்க்கும் அதே குடும்பங்ககிட்டதான். ஆதம்ஜி குடும்பத்துக்கு முஸ்லிம் கமர்ஷியல் பேங்க், சைகல் குடும்பத்துக்கு யுனைடெட் பேங்க், ஹபீப் குடும்பத்துக்கு ஹபீப் பேங்க். ஊர் ஜனங்க போட்ட டெபாசிட் சொந்தக் கம்பெனிக்கே கடனாப் போறதுக்கு வழி திறந்தே கிடந்துச்சு.

இந்தச் சுமையைப் பெரும்பாலும் தாங்கினது கிழக்குப் பாகிஸ்தான். சணல் அங்க விளைஞ்சது, அந்தக் காசுல முதலீடு மேற்குல நடந்துச்சு. 1959-60-ல மேற்கோட தனிநபர் வருமானம் கிழக்கைவிட 32 சதவீதம் அதிகம். பத்தே வருஷத்துல அது 61 சதவீதமாச்சு. 1971-ல நாடே உடைஞ்சதுக்கு மொழி, தேர்தல், ராணுவம்னு நிறைய காரணம் சொல்றோம். இந்தக் கணக்கையும் அதுல சேர்த்துத்தான் பேசணும்.

"வேலை கொடுத்தாங்களே"ன்னு கேட்டீங்க. கொடுத்தாங்க. ஆனா தென்கொரியாவைப் பாருங்க, அங்கயும் பெரிய முதலாளிக் குடும்பங்களுக்கு அரசாங்கம் சலுகைக் கடனை அள்ளிக் கொடுத்துச்சு. கூடவே, இவ்வளவு ஏற்றுமதி பண்ணியாகணும்னு இலக்கு வச்சாங்க, பண்ணாதவனுக்கு அடுத்த கடன் கஷ்டம். அதுக்கு முன்னாடியே நில உச்சவரம்பு, ஏறக்குறைய மூணு ஹெக்டேர், அதாவது சுமார் ஏழரை ஏக்கர். பாகிஸ்தான்ல 1959-ல கொண்டுவந்த உச்சவரம்பு, பாசன நிலத்துக்கு 500 ஏக்கர்! பாகிஸ்தான்ல நிலச்சுவான்தாரையும் பெரிசா தொடல, முதலாளிகிட்ட பதிலுக்கு ஒண்ணும் கேக்கவும் இல்ல. அதனால பழி முழுசும் முதலாளிங்க மேலேன்னு நான் சொல்லல. ஜமீன்தாருக்கும் ராணுவத்துக்கும் பங்கு இருக்கு.

சுல்பிகர் அலி பூட்டோ ஆட்சிக்கு வந்து 1972-ல பெரிய தொழில்களையும், 1974-ல பேங்க்குகளையும் அரசுடைமை ஆக்கினார். 1976-ல சின்னச் சின்ன அரிசி ஆலை, மாவு மில்லு வரைக்கும் போய்ட்டாங்க. வறுமை போகல. முதலாளி உக்காந்திருந்த நாற்காலியில அதிகாரியும் கட்சிக்காரனும் வந்து உக்காந்தாங்க, அவ்வளவுதான். 90-கள்ல இருந்து திரும்பவும் தனியாருக்கு விக்க ஆரம்பிச்சாங்க.

"இதெல்லாம் பழைய கதை"ன்னு விட முடியாது. 2021-ல ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோட அறிக்கை வெளிவந்துச்சு. வரிச் சலுகை, மலிவு விலை இடுபொருள், அதிக விற்பனை விலை, நிலம், கடன்னு பாகிஸ்தான்ல வசதியானவங்களுக்குப் போற சலுகை வருஷத்துக்குச் சுமார் 1,740 கோடி டாலர்னு கணக்குப் போட்டாங்க. நாட்டோட பொருளாதாரத்துல ஏறக்குறைய 6 சதவீதம். அதுல பெரிய பங்கு, 470 கோடி டாலர், கம்பெனிகளுக்கு.

சர்க்கரையை எடுத்துக்கோங்க. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ரெண்டுலயும் மில்லு முதலாளிங்க இருக்காங்க. ஏற்றுமதிக்கு அனுமதியும் வாங்கினாங்க, அரசு மானியமும் வாங்கினாங்க, அதே காலத்துல உள்ளூர்ல சர்க்கரை விலை ஏறிக்கிட்டே போச்சு. 2020-ல அரசாங்கமே விசாரணைக் கமிஷன் போட்டு இதை வெளியில கொண்டுவந்துச்சு. டீக்கு அரைக் கிலோ சர்க்கரை வாங்குறவன் மானியத்துக்கு வரியும் கட்டினான், கடையில ஏறின விலையும் கொடுத்தான்.