எவர்சில்வருக்கு முன்பே பாத்திரத்தில் பேர் வெட்டியவர்கள்! | கீழடி அருங்காட்சியகம்

(காட்சி: ஒரு பழைய தூக்குவாளியின் விளிம்பு, மிக அருகில்)

உங்கள் வீட்டுப் பரணில் பழைய எவர்சில்வர் பாத்திரம் இருந்தால் எடுத்து விளிம்பைப் பாருங்கள். அம்மா பேரோ தாத்தா பேரோ புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். இதே வேலையை 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மண்பானையில் செய்திருக்கிறார்கள் நம் ஆட்கள். வணக்கம் நண்பர்களே, வாங்க, கீழடிக்குப் போவோம்.

(காட்சி: தூண்கள், முற்றம்)

மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டம். செட்டிநாட்டு வீடு போலக் கட்டிய இந்த அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. 2015-இல் மத்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வைத் தொடங்கியது. 2018-லிருந்து தமிழகத் தொல்லியல் துறை. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டைச் சோதித்தபோது கி.மு. 580 என்று வந்தது. வரலாறு இவ்வளவு போதும், பானைக்கு வருவோம்.

(காட்சி: எழுத்துள்ள பானை ஓடு)

இந்த ஓட்டைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் கீறல் மாதிரித் தெரிகிறதே, அது கீறல் இல்லை, தமிழி எழுத்து, அதாவது தமிழ் பிராமி என்று சொல்லும் பழைய தமிழ் எழுத்து. ஆ, த, ன். ஆதன்! கடைசியில் இருக்கும் அந்த 'ன்' வடக்கே அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தில் கிடையாது. தமிழ் ஒலிக்கென்றே சேர்த்த எழுத்து. இன்னொரு ஓட்டில் குவிரன் என்ற பேர் இருக்கிறது. நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் இப்படி எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன.

எனக்குச் சிலிர்த்த இடம் வேறு. எல்லா ஓட்டிலும் கையெழுத்து ஒரே மாதிரி இல்லை. பானை செய்த குயவர் ஒருவரே உட்கார்ந்து எழுதியிருந்தால் ஒரே கை தெரிந்திருக்கும். இங்கே ஒன்றில் கோடு நேராக இருக்கிறது, இன்னொன்றில் சரிகிறது. பானையை வாங்கிப் போனவர்களே கூரான எதையோ வைத்துக் கீறியிருக்க வேண்டும். கல்வெட்டில் மன்னர் பேர் இருப்பது பெரிய விஷயம் இல்லை, அதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். சமையல்கட்டுப் பானையில் பேர் இருக்கிறது என்றால், அந்தத் தெருவில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். படிக்க ஆளே இல்லை என்றால் யார் பேர் எழுதப் போகிறார்கள்? கல்யாண வீட்டுக்கு இரவல் போன பானை திரும்பி வரவேண்டுமே என்று ஆதன் கவலைப்பட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் கற்பனை, ஆனால் என் பாட்டி சம்படத்தில் பேர் வெட்டியது அதற்காகத்தான்.

தங்கம், சூதுபவள மணி, பக்கத்து ஊரான கொந்தகையின் முதுமக்கள் தாழி எல்லாம் இருக்கின்றன, நிதானமாகப் பாருங்கள்.

(காட்சி: வட்டச் சில்லுகள்)

ஆனால் இவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். உடைந்த பானை ஓட்டின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள். நான்காம் கட்டத்தில் மட்டும் சுமார் 600! பக்கத்திலேயே யானைத் தந்தத்தில் செய்த பகடைக்காய். சில்லை எறிந்து ஒற்றைக்காலில் நொண்டியடித்த குழந்தைகளை அப்படியே பார்க்கலாம்.

எங்கள் ஊரில் அந்த விளையாட்டுக்குப் பாண்டி என்று பேர். உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள், கமெண்ட்டில் எழுதுங்கள். அப்புறம், பேர் வெட்டிய பாத்திரம் வீட்டில் இருந்தால் அது யாருடையது என்பதையும் சொல்லுங்கள்.