ஒரு பாயிண்டருக்கு மூன்று மணி நேரம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வேறு வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அப்புறம். நேற்று ராத்திரி லிப்கர்ல் (நெட்டிலிருந்து கோப்புகளை இறக்க உதவுகிற சி லைப்ரரி) என்னை மூன்று மணி நேரம் சுற்றவிட்டது. அதைக் கொட்டித் தீர்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

போன வீடியோவில் எழுதிய டவுன்லோடர் நினைவிருக்கிறதா? அதை ஐந்து கோப்புகள் ஒன்றாக இறங்குகிற மாதிரி லிப்கர்லின் மல்டி முறைக்கு மாற்றினேன். ஓடவிட்டால், வந்த பைட்டை எண்ணுகிற இடத்தில் வாயில் நுழையாத எண்! அடுத்த தடவை கிராஷ். சர்வரைத் திட்டினேன், நெட்டைத் திட்டினேன். தப்பு என்னுடையது.

ரைட்ஃபங்ஷன் என்ற ஆப்ஷனில் கால்பேக்கை, அதாவது டேட்டா வரும்போது லிப்கர்ல் கூப்பிடவேண்டிய நம் ஃபங்ஷனைக் கொடுக்கிறோம்; ரைட்டேட்டா என்ற ஆப்ஷனில், பைட் எண்ணிக்கையை வைத்திருக்கிற நம் ஸ்ட்ரக்டின் முகவரியை, அதாவது பாயிண்டரை. டேட்டா வரும்போதெல்லாம் அந்த முகவரியை நான்காவது ஆர்க்யுமெண்டாக லிப்கர்ல் அப்படியே நீட்டும். உள்ளே எட்டிப் பார்க்காது, காப்பியும் எடுக்காது. நானோ ஸ்ட்ரக்டை ஃபங்ஷனுக்குள் லோக்கலாக வைத்திருந்தேன்; ஃபங்ஷன் முடிந்தால் அதுவும் போய்விடும். ஒரு கோப்பை மட்டும் இறக்குகிற ஈஸி பெர்ஃபார்ம் என்றால் டவுன்லோட் முடிகிறவரை அங்கேயே நிற்கும், ஸ்ட்ரக்டும் உயிரோடிருக்கும். மல்டியில் ஹேண்டிலை (ஒரு டவுன்லோடுக்கான பிடி) சேர்த்த கையோடு ஃபங்ஷன் முடிந்துவிட்டது. வீடு இடிந்த பிறகும் அதே முகவரிக்குத் தபால் போய்க்கொண்டிருந்தது!

குளோபல் வேரியபிளில் வைக்கலாமே என்று கமெண்ட் போடப்போகிறவர்களே, எனக்கும் அதற்கும் ஆகாது என்று தெரிந்தும் ஏன்? ஐந்து டவுன்லோடும் ஒரே வாளியில் கொட்டும்.

ஒவ்வொரு டவுன்லோடுக்கும் தனி ஸ்ட்ரக்டை, ஃபங்ஷன் முடிந்தாலும் அழியாதபடி, மேலாக் போட்டேன். அதே பாயிண்டரை ஹேண்டிலின் பிரைவேட் ஆப்ஷனிலும் வைத்தேன். ஒரு டவுன்லோட் முடிந்ததும் அந்த ஹேண்டிலிடம் கெட்இன்ஃபோவில் கேட்டால், அதற்குரிய ஸ்ட்ரக்ட் சமர்த்தாக வந்து நிற்கிறது. ஹேண்டிலைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரக்டின் மெமரியை ஃப்ரீ செய்தால் வேலை முடிந்தது. இந்த அழகைப் பார்க்கவே பதினோரு தடவை ஓடவிட்டேன்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். வந்த பைட் எண்ணிக்கையைத்தான் கால்பேக் திருப்பித் தரவேண்டும். நான் பழக்கதோஷத்தில் 0 கொடுத்து எர்ரர் 23, அதாவது எழுதுவதில் பிழை, வாங்கிக்கொண்டேன். மூன்று மணி நேரத்தில் அரை மணி அதற்கே போனது. சி பிளஸ் பிளஸ்காரர்கள் மெம்பர் ஃபங்ஷனை நேராகக் கொடுக்காதீர்கள். ஸ்டேட்டிக் ஒன்றை வைத்து, உங்கள் ஆப்ஜெக்டைக் காட்டுகிற 'திஸ்' பாயிண்டரை ரைட்டேட்டாவில் அனுப்புங்கள்.

சரி, ஐந்தும் இறங்கிவிட்டது, பாருங்கள். இதைத் திறந்தால்... ஐயோ, 'கோப்பு இல்லை' என்கிற 404 பக்கம். இப்படி வந்தால் பிழை என்று சொல்கிற ஃபெயில்ஆன்எர்ரர் ஆப்ஷனைப் போட மறந்துவிட்டேன்.