கரண்டியைத் தூக்கச் சொன்ன தலைவர் யாரு?

(பட்டிமன்றத் தலைப்பு: பிலிப்பைன்ஸில் மக்களாட்சியைக் காத்து நிற்பது தலைமையா, தெருவா? "தெருவே" அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில இருக்கிற பெரியவங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வியை வீசிட்டு உட்கார்ந்தார். "1986ல தெருவுல இறங்கி அதிபர் மார்க்கோஸை விரட்டினீங்க. 2022ல அவர் மகனே 3 கோடியே 16 லட்சம் ஓட்டு வாங்கி அதே அதிபர் மாளிகைக்கு வந்துட்டார். உங்க தெரு என்னத்தைக் கிழிச்சுது?" அப்படின்னார். கைதட்டல் கிடைச்சுது. நானும்தான் தட்டினேன், நல்ல கேள்வி. பதிலுக்கு வர்றேன். அதுக்கு முன்னால அடுப்படி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்.

1978 ஏப்ரல் 6, ராத்திரி, மணிலா. ராணுவச் சட்டம் போட்டு ஆறாவது வருஷம். விடிஞ்சா தேர்தல். எதிர்க்கட்சியோட முக்கிய வேட்பாளர் நினோய் அக்கினோ ஜெயில்ல இருந்தபடியே நிக்கிறார். பத்திரிகையும் ரேடியோவும் அரசாங்கத்தோட பிடியில. சனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? சட்டியையும் பானையையும் எடுத்துட்டு வாசலுக்கு வந்து கரண்டியால அடிச்சாங்க. கார் வச்சிருந்தவன் ஹாரனை அழுத்தினான். மணிலா முழுக்க ஒரே சத்தம். மறுநாள்? தலைநகரோட 21 இடத்தையும் ஆளுங்கட்சி அள்ளிட்டுப் போயிடுச்சு. அந்தப் பட்டியலுக்குத் தலைமை அதிபரோட மனைவி இமெல்டா மார்க்கோஸ்! சட்டி நசுங்கினதுதான் மிச்சம்னு எதிரணி சிரிக்கலாம். ஆனா பக்கத்து வீட்டுக்காரனும் நம்ம பக்கம்தான்னு ஒவ்வொருத்தனுக்கும் தெரிஞ்சது அந்த ராத்திரிதான்யா.

எட்டு வருஷம் கழிச்சு, 1986 பிப்ரவரியில திடீர்த் தேர்தல். மார்க்கோஸை எதிர்த்து நினோயோட மனைவி கோரி. நினோயை 1983லயே விமான நிலையத்துல சுட்டுக் கொன்னுட்டாங்க. ஓட்டு எண்ணுற மண்டபத்துல கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருந்த ஊழியர்கள், பெரும்பாலும் பொண்ணுங்க, ஒண்ணைக் கவனிச்சாங்க. தாங்க ஏத்துற கணக்கு வேற, பலகையில வர்ற கணக்கு வேற. முப்பது பேருக்கு மேல, எழுந்து வெளியே நடந்துட்டாங்க. சம்பளத்துக்கு வேலை பார்த்தவங்க, ஐயா. ராணுவச் சட்டம் பார்த்த ஊர்ல நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்திருக்க எவ்வளவு நெஞ்சுரம் வேணும்!

எதிரணி அம்மா ஒருத்தங்க, "என்ரீலேயும் ராணுவத் துணைத் தளபதி ராமோஸும் கலகம் பண்ணாட்டி, மார்க்கோஸை விரட்டின எட்சா புரட்சியே இல்ல"ன்னாங்க. என்ரீலே யாரும்மா? ராணுவச் சட்டத்தை நடத்தின பாதுகாப்பு அமைச்சர். அவரோட சதித்திட்டம் வெளியே கசிஞ்சுபோக, முகாமுக்குள்ள போய்ப் பதுங்கிக்கிட்டு, காப்பாத்துங்கன்னு மணிலாவோட கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் சின்னுக்கு போன் போட்டார். கர்தினால் ரேடியோவுல கூப்பிட்டார், லட்சக்கணக்கான பேர் எட்சா சாலையில வந்து நின்னாங்க. டாங்கிக்கு முன்னால கன்னியாஸ்திரிகள் ஜெபமாலையோட முழங்கால் போட்டாங்க, சிப்பாய்க்குச் சோறு குடுத்தாங்க. கலகம் வெடிச்ச அன்னிக்குக் கோரி அம்மாவே மணிலாவுல இல்ல, செபு தீவுல இருந்தாங்க. அப்போ யாரு யாரைக் காத்தாங்க?

அந்தக் கோரி அம்மா ஆட்சிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல. 1987 ஜனவரி 22. நிலம் கேட்டு மாளிகைக்குப் போற மெண்டியோலா வீதியில விவசாயிங்க வந்தாங்க. அரசாங்கப் படை அவங்களைத் துப்பாக்கியால சுட்டுது, 13 பேர் செத்தாங்க. அம்மாவோட பிறந்த வீட்டுக்கு மட்டும் 6,000 ஹெக்டேருக்கு மேல கரும்புத் தோட்டம். நல்லவங்கதான், யாரு இல்லேன்னா? ஆனா மாளிகைக்குள்ள போனதும் வாசல்ல நிக்கிறவன் அந்நியனாத் தெரியறான்.

இன்னொரு வேடிக்கை. 1991ல அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கணும்னு அந்த அம்மாவே ஊர்வலம் போனாங்க. அதிபருக்கும் தெரு தேவைப்பட்டுது பாருங்க! செனட்ல 12க்கு 11னு ஒப்பந்தம் தோத்துது. தளம் வேண்டாம்னு வருஷக்கணக்காத் தொண்டை கட்டக் கத்தினவங்க ஜெயிச்சாங்க.

சரி, அந்த 3 கோடிக்கு வர்றேன். 1987 அரசியல் சட்டத்துலயே குடும்ப அரசியலுக்குத் தடை இருக்கு. ஆனா "சட்டம் வகுக்கும் விதத்தில்"னு ஒரு வால். அந்தச் சட்டத்தை யார் போடணும்? நாடாளுமன்றம். அங்க உட்கார்ந்திருக்கிறது யாரு? அப்பன், மகன், மருமகள், மச்சான். பூனைக்கு மணி கட்டுற வேலையைப் பூனைகிட்டயே குடுத்தாச்சு. முப்பது வருஷம் தாண்டியும் மணி வரல. 'ட்ரடிஷனல் பொலிட்டிஷியன்'ங்கிறதைச் சுருக்கி அந்த ஊர்ல 'ட்ராபோ'ம்பாங்க. அவங்க பேச்சுல ட்ராபோன்னா கந்தல் துணி. நம்ம வீட்டுக் கரித்துணி மாதிரின்னு வச்சுக்கோங்க. அந்த ஊர்க்காரனுக்கு நக்கல் நம்மளவிட ஜாஸ்தி.

2001ல அதிபர் எஸ்ட்ராடாவைத் தெரு இறக்குச்சு. 2007ல அவர் மேல கொள்ளைக் குற்றம் நிரூபணமாச்சு, அடுத்த மாசமே அவரை மன்னிச்சு விட்டவர் அதிபர் அரோயோ. 1989ல ஹவாயில செத்த மார்க்கோஸோட உடலை 2016ல வீரர்கள் கல்லறையில புதைக்க விட்டவர் அதிபர் டுடெர்டே. மகன் வர்றதுக்குக் கம்பளம் விரிச்சது தெருவா, தலைமையா?

"ஓட்டுப் போட்ட 3 கோடி பேரும் சனம்தானே?" ஆமா. அது எனக்கும் உறுத்துது, மழுப்ப மாட்டேன். ஆனா நிலம் வரும்னு 1986ல நம்பினவன் 2022லயும் அடுத்தவன் நிலத்துல கூலிக்குக் கரும்பு வெட்டினா, பழைய ஆட்சிதான் பொற்காலம்னு போன்ல வர்ற வீடியோவை அவன் நம்பாம என்ன பண்ணுவான்?

அதே மகன் ஆட்சியில, 2025ல, வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டி முடிச்சதாக் கணக்கு இருந்துது. புலாக்கான் மாகாணத்துல அதிபரே போய்ப் பார்த்தார், சுவரைக் காணோம்! கூட்டம் கூட்டமாச் சனங்க லுனெட்டா பூங்காவுக்கும் எட்சாவுக்கும் வந்தாங்க. எந்த நாள்? செப்டம்பர் 21. அப்பா மார்க்கோஸ் ராணுவச் சட்ட ஆணையில போட்ட தேதி அது.

நடுவர் கை மணிக்குப் போயிடுச்சு. எதிரணியில அடுத்து வர்றவருக்கு ஒரே ஒரு வேலை. 1978ல அந்த ராத்திரி, கரண்டியைத் தூக்கச் சொன்ன தலைவர் பேரைச் சொல்லட்டும். நினோய்னு மட்டும் சொல்லிடாதீங்க, அவர் பூட்டின அறைக்குள்ள இருந்தார். வேற பேர் சொன்னா, நாற்காலியைத் தூக்கிட்டு உங்க பக்கமே வந்து உட்கார்ந்துக்கறேன்.

நன்றி, வணக்கம்.